உரக்கடை வேலையோடு பி.காம்.: ஆன்லைனில் சேரலாமா, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகலாமா?

மன்னை_கணக்கு (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். ரிசல்ட் வந்த வருஷமே கல்யாணம். படிப்பு அதோடு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் நாலாவது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

டாலி என்ற கணக்கு சாப்ட்வேரில் பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, மாதாமாதம் ஜிஎஸ்டிக்குக் கணக்கு எடுத்து ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புவது, இதுதான் வேலை. சீசன் வந்துவிட்டால் இதெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். விற்பனையைப் பதிகிற பிஓஎஸ் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. 266 ரூபாய் 50 காசுக்கு ஒரு மூட்டை யூரியா வேண்டுமென்றால் ஆதார் நம்பர் போட்டுக் கைரேகை வைக்க வேண்டும். வயலில் இருந்து நேரே வருகிறவருக்கு ரேகை எங்கே பதியும்? அதற்கென்றே ஒரு ஈரத்துணி வைத்திருக்கிறேன். துடைத்துவிட்டுக் கட்டைவிரல், அது விழவில்லை என்றால் ஆள்காட்டி விரல், அதுவும் இல்லையென்றால் இடது கை. ஒரு ஆளுக்கே பத்து நிமிஷம் ஓடிவிடும். பின்னால் வாசல் வரைக்கும் வரிசை. இந்த நிலைமையில் போனை எடுத்து லைவ் கிளாஸ் பார்ப்பதெல்லாம் நடக்காது.

கடைக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் போன மாதம், "பி.காம். முடிச்சுட்டு வாம்மா, ஆபீஸ்லயே எடுத்துக்கறேன்" என்றார். சும்மா சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

அரசுக் கல்லூரியில் ரெகுலராகச் சேர வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும். அதனால் அந்தப் பேச்சே இல்லை. மிச்சம் இரண்டு வழி. ஒன்று, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கரஸ், அதாவது தொலைநிலைக் கல்வி. தமிழிலேயே எழுதலாம், ஃபீஸும் கம்மி. ஆனால் வகுப்பு என்று போனால் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டியிருக்கும். வடுவூர் வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். இன்னொன்று, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பி.காம். அதற்காக ஒரு பெண் தினமும் போன் செய்கிறார். "வீட்டை விட்டு வெளியே வரவே வேண்டாம் மேடம், எக்ஸாம்கூட வீட்டிலிருந்தே எழுதலாம்" என்கிறார். மொத்தம் லட்சத்தைத் தொடுகிறது. இஎம்ஐ போட்டுத் தருகிறார்களாம், இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் தள்ளுபடியாம்.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் சுமார்தான், மொட்டை மாடியில் நன்றாக இருக்கும். வேலையும் குடும்பமுமாக இப்படிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதில் சேர்ந்தால் முடிப்பேன்? சேருவது பெரிய விஷயமில்லை, முடிக்க வேண்டும்.


டேட்டா_தம்பி (தஞ்சாவூர்)

அக்கா, என் ஓட்டு ஆன்லைனுக்கு.

நான் வேலை பார்த்துக்கொண்டே சென்னை ஐஐடியின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிக்கிறேன். 2020-இல் ஆரம்பித்த படிப்பு. ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம். நாலு வாரம் பாடம் பார்த்து, அசைன்மென்ட் போட்டு, தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே விடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நான் படிப்பதே. புரியவில்லை என்றால் அதே வீடியோவைத் திரும்பப் பார்க்கலாம், எந்த வாத்தியாரும் முறைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் நான் ஒரு வாரப் பாடத்தையே முடித்துவிடுவேன்.

ஆனால் ஒன்று. ஆன்லைன் என்றால் எல்லாமே வீட்டிலிருந்து என்று நினைக்காதீர்கள். எங்களுக்குக் குவிஸ், கடைசித் தேர்வு எல்லாமே சென்டருக்கு நேரில் போய்த்தான். ஸ்வயம், என்பிடெல் என்ற மத்திய அரசு ஆன்லைன் தளங்களின் பாடங்களும் அப்படித்தான்: சேருவது இலவசம், சர்டிபிகேட் வேண்டுமென்றால் பணம் கட்டி நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் கேமரா வைத்து வீட்டிலேயே எழுத விடுகின்றன. உங்கள் மொட்டை மாடி சிக்னலை நம்பி அதில் இறங்காதீர்கள். நடுவில் நெட் போனால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

லட்ச ரூபாய் இஎம்ஐ வேண்டாம். அதைத் தவிர, காலம் மாறிவிட்டது, பிளாக்போர்டு பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய பேச்சு.


கடன்சங்கத்து_அக்கா (திருவிடைமருதூர் பக்கம்)

தங்கச்சி, நான் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். பி.காமைக் கரஸில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் முடித்தேன். ரொம்ப வருஷம் கழித்து எம்.காமை ஆன்லைனில் முடித்தேன். இரண்டுமே வேலையோடும் பிள்ளைகளோடும்தான். இரண்டிலும் இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

தம்பி சொல்வதில் தப்பில்லை. ஆனால் தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அவரால் முடியும். அந்த வீட்டில் வேறு யாரோ அடுப்பைத் துடைத்துவிட்டுப் படுக்கிறார்கள்.

ஆன்லைன் வகுப்பில் எனக்குக் கஷ்டமாக இருந்தது பாடம் இல்லை. நான் படிக்கிறேன் என்பதே வீட்டில் யாருக்கும் கண்ணில் படவில்லை. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மேனேஜ்மென்ட் அக்கவுன்டிங் கேட்டுக்கொண்டிருப்பேன். "அவ போன்லதானே இருக்கா" என்று என் மாமியார் பக்கத்து வீட்டில் சொல்வது எனக்கே கேட்கும். மோட்டாரை நிறுத்து, சிலிண்டர்காரன் வந்திருக்கான் பார், பையன் ஷூவைக் காணோம். கூப்பிட்டால் எழுந்துதானே ஆக வேண்டும்? வீடியோவை நிறுத்தி நிறுத்தி, முக்கால் மணி நேரப் பாடம் ராத்திரி வரைக்கும் இழுக்கும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கையில் போனோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி படிக்கிறாளா, சீரியல் பார்க்கிறாளா என்று யாருக்குத் தெரியும்?

பி.காம். படித்த காலத்தில் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, புடவை கட்டி, பையில் நோட்டும் டிபன் பாக்ஸுமாகக் கிளம்பினால் அது கிளம்புவதுதான். "காலேஜுக்குப் போறா" என்று தெருவுக்கே தெரியும். சாயங்காலம் வரை என்னை யாரும் தேடவில்லை, வீடும் இடிந்து விழவில்லை. என் வீட்டுக்காரர் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டதே அந்த ஞாயிறுகளில்தான் (இன்னமும் புளி தூக்கலாகத்தான் வைக்கிறார், அது வேறு கதை). உனக்கு வீட்டுக்காரர் ஊரில் இல்லை, மாமியார் கூட இருக்கிறார். நீ படிக்கிறாய் என்று உன் வீட்டில் நாலு பேர் நம்ப வேண்டுமென்றால், நீ படியிறங்கிப் போவதை அவர்கள் பார்க்க வேண்டும். இது நியாயமா என்று கேட்காதே, நடப்பைச் சொல்கிறேன்.

அடுத்து, பி.காம். என்பது பாதி கணக்கு. தியரி பேப்பரை எதில் வேண்டுமானாலும் படிக்கலாம். வணிகச் சட்டமும் பொருளாதாரமும் வீடியோவில் கேட்டால் போதும், புத்தகமே போதும். கம்பெனி அக்கவுன்ட்ஸும் காஸ்ட் அக்கவுன்ட்ஸும் அப்படி இல்லை. அங்கே உன் நோட்டை இன்னொரு ஆள் பார்க்க வேண்டும். டாலியில் பழகிய கைக்கு இது இன்னும் அவசியம். டாலி தானே பேலன்ஸ் ஷீட் போட்டுக் கொடுத்துவிடும். பரீட்சைத் தாளில் கோடு போட்டு நீதான் கொண்டுவர வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். நைட் டூட்டி முடிந்து நேராக வருவார், காக்கிச் சட்டையோடு கடைசி பெஞ்சில் தூங்குவார். ஒரு நாள் கிளைக் கணக்கு நடத்தினார்கள். தலைமை அலுவலகம் கிளைக்குச் சரக்கு அனுப்புகிறது, கிளை விற்றுப் பணம் அனுப்புகிறது, மிச்சச் சரக்கு இவ்வளவு, லாபம் என்ன? புத்தகத்தில் அது பம்பாய் கம்பெனி, சென்னைக் கிளை என்று இருக்கும். யாருக்கும் ஏறவில்லை. சார் பார்த்தார். கண்டக்டரை எழுப்பி, "டிப்போவில் காலையில் உங்களுக்கு என்ன கொடுப்பார்கள்?" என்று கேட்டார். அப்போதெல்லாம் டிக்கெட் கட்டுதான், மிஷின் வரவில்லை. "இத்தனாம் நம்பரில் இருந்து இத்தனாம் நம்பர் வரைக்கும் கட்டு கொடுப்பாங்க, சில்லறைக்குக் கொஞ்சம் பணம்" என்றார். அதுதான் கிளைக்கு அனுப்பிய சரக்கு, அதுதான் அனுப்பிய ரொக்கம் என்று போர்டில் எழுதினார் சார். ராத்திரி டிப்போவில் கட்டும் கலெக்‌ஷன், கிளை அனுப்பிய பணம். கையில் மிச்சமிருக்கும் டிக்கெட், இறுதிச் சரக்கு. கிழிபட்ட டிக்கெட்டை எங்கே போடுவது என்று கண்டக்டரே கேட்டார். அதன் பிறகு அவர் கரும்பலகைப் பக்கத்தில் நின்று எங்களுக்குப் பாடம் நடத்தாத குறைதான். அந்தப் பரீட்சையில் கிளைக் கணக்கு வந்தது. எங்கள் வகுப்பில் அதை விட்டவர் யாருமில்லை என்று நினைக்கிறேன். எத்தனை நல்ல வீடியோவானாலும், கடைசி பெஞ்சில் ஒரு கண்டக்டர் தூங்குகிறார் என்பது அதற்குத் தெரியாது.

சரி, ஆன்லைனை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதே. எம்.காம். படித்துக்கொண்டிருந்தபோது, 2021 பிப்ரவரியில் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவித்தார்கள். 16 லட்சத்துக்கு மேல் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய் என்று பேப்பரில் ஒரு வரியில் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரிக்கு ஒவ்வொரு சங்கத்திலும் பட்டியல் எடுத்தது எங்களைப் போன்றவர்கள். சிட்டா, அடங்கல், ஆதார், ரேஷன் கார்டு என்று கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு ராத்திரி வரை ஆபீஸ். அது ஓய்ந்ததும் 5 பவுன் வரைக்குமான நகைக்கடன் தள்ளுபடிக்கு இன்னொரு சுற்று. அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. நேர்வகுப்பாக இருந்திருந்தால் போன பாடம் போனதுதான். ஆன்லைனில் எல்லாம் அப்படியே காத்திருந்தது. வேலை அடங்கியதும் வேகத்தைக் கூட்டிவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தேன். முதுகலைக்கு வரும்போது எப்படிப் படிப்பது என்பது நமக்குப் பிடிபட்டிருக்கும். பதினாறு வருஷம் கழித்து மறுபடி புத்தகத்தைத் தொடும் ஆளுக்கு அது பிடிபட ஒரு வருஷமாவது வகுப்பு வேண்டும் என்பது என் கட்சி.

அதனால் நீ கரஸில் சேர், முதல் வருஷம் ஞாயிறு வகுப்பை விடாதே. புரியாத பாடத்துக்கு மட்டும் வீடியோ பார். ஸ்வயத்தில் காமர்ஸ் பாடங்கள் இருக்கின்றன, காசு வேண்டாம்.

இன்னொன்று. உன் முதலாளி டேசி படித்தவரா என்று கேட்டுப் பார். உரக்கடை, பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்கென்று ஐதராபாத் மேனேஜ் நிறுவனம் 2003-இல் கொண்டுவந்த டிப்ளமோ. 48 வாரம், வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, பெரும்பாலும் ஞாயிறு அல்லது கடைக்கு விடுமுறையான நாள். நடுவில் வயலுக்கும் கூட்டிப்போவார்கள். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் நரைத்த தலையோடு நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்வந்தார்கள். உன் முதலாளியும் போனவராக இருந்தால் ஞாயிறு லீவு கேட்பது சுலபம்.


ஞாயிறு_வாத்தியார் (திருவாரூர்)

கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். வாரக் கடைசியில் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கும் எடுப்பதுண்டு. கண்டக்டர் கதை பிரமாதம். ஆனால் வகுப்புப் பக்கத்தில் நிற்கும் ஆளாகச் சிலதைச் சொல்ல வேண்டும்.

முதல் ஞாயிறு பெஞ்ச் போதாது. நாலாவது ஞாயிறுக்கு முன் வரிசை மட்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் அசைன்மென்ட் கொடுக்கத்தான் வருகிறார்கள். எங்களுக்கும் கொடுப்பது ஒரு பேப்பருக்குச் சில மணி நேரம்தான். அதற்குள் ஐந்து யூனிட்டையும் தொட்டுவிட்டுப் போக வேண்டும். ரெகுலர் வகுப்பை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். மேடம் சொன்ன மாதிரி சந்தேகத்தோடு வருகிறவருக்குத்தான் இந்த வகுப்பு. படிக்காமல் வந்து உட்கார்ந்தால் பஸ் சார்ஜ் நஷ்டம்.

ஏற்கெனவே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கே தெரியும். தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள். அந்த நாட்களில் அச்சுப் புத்தகம் வைத்திருந்தவர் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார். இப்போது எல்லாம் பிடிஎஃப்பாகத் தருவதால், கிடைக்கும்போதே கணக்குப் பாடங்களையாவது பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையை நம்பக் கூடாது.

இனி அந்தப் போன் பெண்மணி விஷயம். எந்தப் பல்கலைக்கழகமானாலும், யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அனுமதி பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்பு, நீங்கள் சேரும் பருவம், தொலைநிலையா ஆன்லைனா என்ற முறை, மூன்றும் அதில் இருக்க வேண்டும். அப்படி அனுமதி உள்ள பட்டம் 2020 விதிமுறைகளின்படி ரெகுலர் பட்டத்துக்குச் சமம். கரஸ் என்பதால் மட்டம், ஆன்லைன் என்பதால் மட்டம் என்று எதுவும் கிடையாது. வெளி நிறுவனத்துக்குப் படிப்பைக் குத்தகைக்கு விடுவதுபோல் நடத்தக் கூடாது என்று 2022 ஜனவரியிலேயே யுஜிசி எச்சரித்திருக்கிறது. போன் செய்கிறவர் பல்கலைக்கழக ஊழியரா, இடையில் இருக்கும் கம்பெனி ஆளா என்று நேராகக் கேளுங்கள். இந்த வாரத்துக்குள் தள்ளுபடி என்றால் அடுத்த வாரமும் தள்ளுபடி இருக்கும், அந்தக் கவலை வேண்டாம்.

2024 முதல் சேர்க்கைக்கு முன் மாணவரே அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் டிஇபி ஐடி என்று ஓர் அடையாள எண்ணை எடுக்க வேண்டும். அது இலவசம். "நாங்களே எடுத்துத் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்றால் சொல்லாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், பத்தாவது, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கினால் அங்கே செல்லாது. உங்களுக்குப் பிளஸ் டூ இருக்கிறது, பிரச்சினை இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி உங்களைப் பார்த்து ஆசைப்பட்டால் இதைச் சொல்லுங்கள். இன்ஜினியரிங், நர்சிங், சட்டம், விவசாயம் போன்றவற்றைக் கரஸிலோ ஆன்லைனிலோ தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அவற்றுக்கு அனுமதியே கிடையாது.

கடைசியாக, ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவருக்கு வேண்டியது பட்டமா, ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தெரிந்த கையா? இரண்டாவதுதான் என்றால் முதல் வருஷம் படிக்கும்போதே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்குப் பட்டம் சட்டப்படி கட்டாயமில்லை.


டேட்டா_தம்பி (தஞ்சாவூர்)

கடன்சங்கத்து அக்கா, நான் ஹாஸ்டல். என் அடுப்பை மெஸ் மாஸ்டர்தான் துடைக்கிறார். ஆனால் கல்யாணம் ஆகவில்லை என்பது சரிதான்.

தஞ்சாவூரில் சென்டர் பற்றி விசாரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் போய்க் கேட்டுச் சொல்கிறேன் மன்னை அக்கா.


மன்னை_கணக்கு (மன்னார்குடி)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பி, முடிந்தால் வகுப்பு எந்தெந்த வாரம், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் பேசினேன். அவர் டேசி படித்தவரேதான்! சர்டிபிகேட்டைப் பிரேம் போட்டுக் கடையிலேயே மாட்டியிருக்கிறார், உரம் கம்பெனி காலண்டருக்குப் பின்னால் இருந்ததால் நான் கவனித்ததில்லை. "நானே அம்பது வயசுல போய் உக்காந்தேன், நீ போறதுக்கு என்ன" என்றார். ஆனால் சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் கடை இருக்கும், அப்போது மட்டும் பார்த்துக்கொள் என்கிறார். ஆடிட்டர் சாரைப் புதன்கிழமை பார்க்கிறேன். போன் பெண்ணிடம் நீங்கள் கம்பெனியா, யுனிவர்சிட்டியா என்று கேட்டேன். "சீனியர் பேசுவார் மேடம்" என்றார். சீனியர் இன்னும் பேசவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. சேர்க்கை ஜனவரியிலும் உண்டு, ஜூலையிலும் உண்டு என்கிறார்கள். எதில் சேருவது? ஜூலை வரை காத்திருந்தால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.


கடன்சங்கத்து_அக்கா (திருவிடைமருதூர் பக்கம்)

ஜனவரி. மனசு மாறும் என்பதற்காக இல்லை, உன் கடையின் கணக்குப்படி.

ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்தார்கள் என்றால் குறுவை நெல்லுக்கு அடியுரம் வாங்க ஆள் வந்துவிடும். ஜூலையில் சேர்ந்தால் புத்தகம் கைக்கு வரும்போது நீ பிஓஎஸ் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாய். அது ஓய்வதற்குள் சம்பா, தாளடி நடவு. புரட்டாசியில் இருந்து கார்த்திகை வரைக்கும் மேலுரம், யூரியா, பொட்டாஷ் என்று தலை நிமிர முடியாது. முதல் செமஸ்டரே அதில் அடிபட்டுப் போகும். தையில் சம்பா அறுப்பு. கூட்டம் கொள்முதல் நிலையத்தில் இருக்குமே தவிர உரக்கடையில் இருக்காது. அதற்குப் பிறகு உளுந்து, பயறுதான். அதற்கு உரம் வாங்க எத்தனை பேர் வருவார்கள் என்று உனக்கே தெரியும். மாசியில் இருந்து வைகாசி வரைக்கும் உனக்குக் கை ஓயும். அந்த மாதங்களில் வகுப்புக்குப் போய்ப் பழகிவிட்டாய் என்றால், சீசனில் ஒன்றிரண்டு ஞாயிறு விட்டாலும் தொடர்பு அறாது. நடுவில் மார்ச் கடைசிக் கணக்கு முடிப்பு ஒன்று இருக்கிறது. அது உனக்குப் பாடமும்கூட.

தேர்வு எந்த மாதம் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடு. இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஜூன், டிசம்பர் என்று வைப்பார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி. ஜூனில் தேர்வு விழுந்தால், எழுதுவதை விட்டுவிடாதே. தியரி பேப்பர்களை அதில் எழுது. கணக்குப் பேப்பர் ஏதாவது தங்கினாலும் அரியராக அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் செட்டில் அரியர் இல்லாமல் முடித்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டிக்குப் போய்விடும், அந்த வாரங்களில் அசைன்மென்ட் எழுத உட்காராதே.

தேர்வு சென்டர் கும்பகோணம் பக்கம் போட்டார்கள் என்றால் நீடாமங்கலம் கேட்டை மனதில் வைத்துக் கிளம்பு. கேட் போட்டுவிட்டால் ஹால் டிக்கெட்டைக் காட்டினாலும் ரயில் நிற்காது. முடிந்தால் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிக்கொள், புளி தூக்கலான சாம்பார் கிடைக்கும்.

டிஇபி ஐடியை இப்போதே எடுத்துவை. அதற்கு முன் உன் ஆதாரையும் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, அங்கேயே விண்ணப்பம் நின்றுவிடும். எங்கள் சங்கத்தில் நகைக்கடனுக்கு வரும் பெண்களில் பாதிப் பேருக்கு இதே சிக்கல். மாறியிருந்தால் இ-சேவை மையத்தில் முதலில் அதைச் சரிசெய்துகொள். வரிசை கம்மியாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போ.